பேட்மேன்: இயர் ஒன் – சிறப்புத் தொகுப்புப் பதிப்புகள்

பேட்மேன்: இயர் ஒன் என்பது அமெரிக்காவின் டிசி காமிக்ஸ் நிறுவனம் 1987ஆம் ஆண்டு வெளியிட்ட வரைகதை ஆகும். 'முதல் ஆண்டு' என்பது தலைப்பின் பொருள். பேட்மேன் மாத இதழின் 404 முதல் 407 வரையிலான நான்கு இதழ்களில் இது தொடராக வந்தது. கதையை பிராங்க் மில்லர் எழுத, டேவிட் மாசுகெல்லி படம் வரைந்தார். வண்ணம் தீட்டியவர் ரிச்மண்ட் லூயிஸ். ஓவியரான இவர் மாசுகெல்லியின் மனைவி.

பேட்மேன் 1939இல் அறிமுகமானவர். பெற்றோர் கண்ணெதிரே சுடப்பட்டதும், சன்னல் வழியே வந்த வௌவாலைக் கண்டு சிறுவன் வளர்ந்த பின் வேடம் பூண்டதும் அதே ஆண்டில் இரண்டே பக்கங்களில் சொல்லப்பட்டுவிட்டன. மில்லர் அதை மாற்றவில்லை; விரித்தார். 25 வயது புரூஸ் வெய்ன் காத்தம் நகருக்குத் திரும்பும் அதே நாளில், ஜேம்ஸ் கார்டன் என்ற காவல் அதிகாரியும் அங்கு வந்து சேர்கிறார். லஞ்சத்தில் ஊறிய காவல்துறைக்குள் நேர்மையாக இருக்கப் பார்க்கும் கார்டனே உண்மையில் இக்கதையின் நாயகன் என்று சொல்லலாம். வெய்ன் தன் முதல் முயற்சியில் தெருச் சண்டையில் குத்துப்பட்டு, குருதி வழிய வீடு திரும்புகிறார். மீநாயகன் கதைகளில் இத்தகைய தடுமாற்றம் அன்று அரிது.

இந்நூலைப் பொறுத்தவரை தொகுப்புப் பதிப்பு என்பது வெறும் கெட்டி அட்டை விவகாரம் அன்று. மாத இதழ்கள் மலிவான செய்தித்தாள் காகிதத்தில் அச்சாயின. அக்காகிதம் மையை உறிஞ்சி வண்ணத்தை மங்கச் செய்யும்; வண்ணம் இடுபவர் அதைக் கணக்கில் கொண்டே அடர்த்தியைத் தேர்ந்தெடுப்பார். அதே வண்ணங்களை நல்ல வெள்ளைத் தாளில் அச்சிட்டால் கண்ணைக் குத்தும். ஆகவே 1988இல் நூலாக வந்தபோது லூயிஸ் எல்லாப் பக்கங்களுக்கும் கையால் புதிதாக வண்ணம் தீட்டினார். மாசுகெல்லியின் தடித்த கருங்கோடுகளுக்கு அருகே பழுப்பும் சாம்பலும் அடங்கிய பச்சையும் அமைந்து, பழைய குற்றப்படங்களின் இருளைத் தந்தன. நூலின் பெருமையில் பாதி இவருக்குரியது. ஆனால் மில்லரின் பெயரே பெரிதும் பேசப்படுகிறது.

2005இல் வந்த கெட்டி அட்டைச் சிறப்புப் பதிப்பை உருவாக்குவதில் மாசுகெல்லியும் பங்கேற்றார். அதே ஆண்டு வெளியான 'பேட்மேன் பிகின்ஸ்' திரைப்படம் இக்கதையிலிருந்து பலவற்றை எடுத்துக்கொண்டது.

2012இல் நிறுவனம் மற்றொரு சிறப்புப் பதிப்பை வெளியிட்டது. மாசுகெல்லி அதை வெளிப்படையாகக் கண்டித்தார். பளபளக்கும் தாள் இந்நூலின் வடிவமைப்பில் என்றுமே இருந்ததில்லை என்றும், தெளிவற்ற கணினிக் கோப்புகளிலிருந்து அச்சிட்டதால் கையால் தீட்டிய வண்ணவேலை மறைந்துபோனது என்றும் கூறினார். வாங்கியவர்கள் நூலைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று சொல்லும் அளவுக்கு அவர் மனம் புண்பட்டிருந்தார். விலை உயர்ந்த பதிப்பே சிறந்த பதிப்பு என்று நம்பிய வாசகருக்கு இது அதிர்ச்சிதான். தாளும் அச்சும் தவறினால் வாசகர் பார்ப்பது ஓவியர் தீட்டிய படமே அன்று.

2016இல் 'ஆப்சொலூட்' வரிசையில், உறைப்பெட்டிக்குள் இரு நூல்களாக, பெரிய அளவில் இது மீண்டும் வந்தது. ஒரு நூலில் லூயிஸ் பின்னர் தீட்டிய வண்ணம்; மற்றதில் 1987 மாத இதழ்களின் அச்சுப் பக்கங்கள், செய்தித்தாள் காகிதத்தில் தெரிந்தவாறே. மில்லரின் கதைப்படியும் இடம்பெற்றது. இரண்டையும் அருகருகே விரித்து ஒரே பக்கத்தை ஒப்பிட்டால், சில இடங்களில் பழைய மங்கல் அச்சே அழகாக இருப்பதும் தெரியும்.