2019 கிரெடிட் கார்டு பில்லுக்கு இப்போ மிரட்டல் கால்: கட்டணுமா, கண்டுக்காம விடலாமா?

"உங்க பையன் 18,000 ரூபா பாக்கி வெச்சிருக்கார்மா. சாயங்காலத்துக்குள்ள கட்டலைன்னா வீட்டுக்கு போலீஸ் வரும்."

கல்வராயன்மலையின் வெள்ளிமலையில் இருக்கும் ஓர் அம்மாவுக்கு இப்படி ஒரு கால் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மகன் வேலை பார்ப்பது பெங்களூருவில். 'லைஃப்டைம் ஃப்ரீ' என்று சொல்லிக் கொடுத்த கார்டுக்கு 2019-ல் ஆண்டுக் கட்டணம் போட்டார்கள். 'இது நான் கட்ட வேண்டியதே இல்லை' என்று சண்டை போட்டு கார்டை வெட்டிப் போட்டார். அந்த சில நூறு ரூபாய்தான் வட்டி, லேட் ஃபீஸ் எல்லாம் சேர்ந்து இப்போது 18,000.

இது உதாரணம்தான். ஆனால், கள்ளக்குறிச்சியிலிருந்து வெளியூர் போய் வேலை பார்க்கும் யாருக்கும் நடக்கலாம். கார்டு வாங்கும்போது கொடுத்த நிரந்தர முகவரி சொந்த ஊர்தானே?

'ஒரு ஆயிரத்தைப் போட்டு தொல்லையை முடிச்சிடலாம்' என்று தோன்றும். அவசரப்படாதீர்கள். முதலில் தேதியைப் பாருங்கள்.

3 வருடக் கணக்கு என்ன?

1963-ம் ஆண்டு காலவரம்புச் சட்டப்படி, இதுபோன்ற பாக்கிக்கு பொதுவாக 3 ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். கொரோனா காரணமாக 15.03.2020 முதல் 28.02.2022 வரையிலான நாட்களை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றது உச்ச நீதிமன்றம். அதன்படி 2019 ஜூன் நடுவில் கெடு முடிந்த பில்லுக்கு, 2024 ஜூன் தொடக்கம் வாக்கில் காலவரம்பு முடிந்திருக்கும்.

ஆனால், அந்தக் கெடு முடிவதற்குள் நீங்கள் கொஞ்சம் பணம் கட்டியிருந்தாலோ, 'பாக்கி உண்மைதான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாலோ, 3 ஆண்டு மறுபடியும் முதலிலிருந்து ஓடும். கெடு முடிந்த பிறகும்கூட, 'கட்டிவிடுகிறேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டால் அது புது ஒப்பந்தமாகிவிடலாம். அதனால்தான் ஆவணங்களைப் பார்க்கும்வரை பணமும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம்.

போலீஸ் வருமா?

பில் பாக்கி சிவில் விவகாரம். அதற்காக ஏஜென்ட் சொன்னார் என்று போலீஸ் வந்து கைது செய்யாது. கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தால் மட்டும் அலட்சியம் கூடாது. காலாவதியான கடன் என்பதை நீங்கள் கோர்ட்டில் போய்ச் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்கு ஏன் கால் பண்றாங்க?

பண்ணக்கூடாது. வசூல் ஏஜென்ட்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் அழைக்கக் கூடாது, மிரட்டக் கூடாது, குடும்பத்தினர், நண்பர்களின் தனியுரிமையில் தலையிடக் கூடாது என்று 2022 ஆகஸ்ட்டில் ரிசர்வ் வங்கி தெளிவாகச் சொல்லிவிட்டது.

பலருக்குத் தெரியாத இன்னொரு விதியும் இருக்கிறது. பில் குறித்து நீங்கள் கொடுத்த புகார் நிலுவையில் இருந்தால், அதற்கு முடிவு சொல்லும்வரை வங்கி அதை வசூல் ஏஜென்சிக்கு அனுப்பக் கூடாது. வேண்டுமென்றே திரும்பத் திரும்ப பொய்ப் புகார் கொடுப்பவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு. அதனால் புகாரை போனில் சொல்லாமல், இமெயிலில் அனுப்புங்கள்.

என்ன கேட்கணும்?

* ஏஜென்ட் பெயர், ஏஜென்சி பெயர், வங்கி கொடுத்த அனுமதிக் கடிதம்
* ஆரம்பத்திலிருந்து முழு ஸ்டேட்மென்ட், கட்டணம் போட்டதற்கான ஆதாரம்
* ஏஜென்ட் சொல்வது உண்மையா என்று வங்கியின் அதிகாரப்பூர்வ நம்பரில் சரிபார்ப்பு

ஏஜென்ட் அனுப்பும் யுபிஐ, க்யூஆர் கோடுக்கு பணம் போடாதீர்கள். மோசடியில் சிக்கினால் உடனே 1930-ஐ அழையுங்கள்.

அப்போ சிபில் ஸ்கோர்?

இங்கேதான் சிக்கல். வழக்குப் போடும் காலம் முடிந்தாலும் கடன் மறைந்துவிடாது. கிரெடிட் ரிப்போர்ட்டில் தெரியலாம். பேரம் பேசி குறைத்துக் கட்டினால் 'செட்டில்டு' என்று பதிவாகும். அடுத்து ஹோம் லோன் கேட்கும்போது அது இடிக்கும். பில்லே தப்பு என்றால் திருத்தம் கோருங்கள். 30 நாட்களில் தீர்க்காவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

எங்கே புகார் கொடுப்பது?

முதலில் வங்கியிடம். 30 நாட்களில் பதில் இல்லை அல்லது பதிலில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் ஆன்லைனில் புகார் செய்யலாம், கட்டணம் இல்லை. உதவி எண் 14448. நுகர்வோர் உதவிக்கு 1915. நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம். நேரில் வந்து மிரட்டினால் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.

வக்கீல் வைக்க வசதி இல்லையா? சட்டப்பணிகள் ஆணையத்தின் இலவச எண் 15100. பெண்களுக்கும் பட்டியல் பழங்குடியினருக்கும் வருமான வரம்பே பார்க்காமல் இலவச சட்ட உதவி கிடைக்கும். கல்வராயன்மலையின் மலையாளி பழங்குடி மக்களுக்கும் இது பொருந்தும்.

வீட்டில் இருப்பவர்களிடம் இன்றே ஒன்றைச் சொல்லி வையுங்கள். அடுத்த முறை கால் வந்தால் பதறாமல் இவ்வளவு சொன்னால் போதும்: "உங்க பேரு, பேங்க் பேரு சொல்லுங்க. எதுவா இருந்தாலும் பையனுக்கு லெட்டர்ல அனுப்புங்க."