பேரப்பிள்ளைகளின் ஆட்டத்தில் மூத்தோருக்கும் ஓரிடம்

வீடியோ கேம் என்ற சொல்லைக் கேட்டதும் எம்மவரின் மனக்கண்ணில் தோன்றுவது, அறைக் கதவைச் சாத்திவிட்டு, உணவுக்கு அழைத்தாலும் செவிசாய்க்காது, கையடக்கத் தொலைபேசியில் மூழ்கிக் கிடக்கும் ஒரு பிள்ளையின் உருவமேயாகும். பாடசாலைப் பெற்றார் கூட்டங்களிலும் அறநெறி வகுப்புகளிலும் அஹதியா பாடசாலைகளிலும் இவ்விளையாட்டுகள் குறித்து எச்சரிக்கையே பெரிதும் விடுக்கப்படுகின்றது. அந்த அச்சத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. கட்டுக்கடங்காத விளையாட்டுப் பழக்கத்தை உலக சுகாதார ஸ்தாபனமே நோய்களின் பட்டியலில் சேர்த்துள்ளது. 2019 இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட அப்பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் சாத்திய கதவைத் திறந்து உள்ளே சென்று, பிள்ளையின் அருகில் அமர்ந்து, தாமும் ஆடிப் பார்த்த பெற்றாரும் பாட்டன் பாட்டிமாரும் உலகில் இருக்கவே செய்கின்றனர். அவர்களைப் பற்றி இங்கு அதிகம் பேசப்படுவதில்லை.

ஜப்பானைச் சேர்ந்த ஹமாக்கோ மோரி 1930 இல் பிறந்தவர். ஐம்பது வயதைக் கடந்த பின்னர், பிள்ளைகள் மட்டும் இந்த இன்பத்தை அனுபவிப்பது நியாயமா என்று எண்ணி ஆடத் தொடங்கிய இம்மூதாட்டி, 2020 இல் தமது 90 ஆவது வயதில், விளையாட்டுக் காணொளிகளை வெளியிடுவோரில் உலகிலேயே மிக மூத்தவர் எனக் கின்னஸ் சாதனைப் பதிவில் இடம்பெற்றார். அமெரிக்கரான ஷெர்லி கரிக்குக் கணினி விளையாட்டைக் கற்றுக்கொடுத்தவர் அவருடைய மகன். தமது காணொளிகளைப் பார்க்கும் இலட்சக்கணக்கானோரை அவர் பேரப்பிள்ளைகளே என்று விளிப்பது வழக்கம். தமது அடுத்த படைப்பில் அவரை ஒரு பாத்திரமாகவே சேர்க்கப்போவதாக விளையாட்டை உருவாக்கும் நிறுவனம் 2019 இல் அறிவித்தது. இவர்கள் வியப்புக்குரியவர்கள். ஆனால் சாதாரண குடும்பங்களுக்குப் பாடமாக அமைவது வேறொன்று எனவே நாம் கருதுகின்றோம்.

மூத்தோரை இவ்விளையாட்டிலிருந்து விலக்கி வைத்தது வயதன்று, கருவியே. இன்றைய கட்டுப்பாட்டுக் கருவியைக் கையில் எடுத்தால், இடது பெருவிரல் நடப்பதற்கு, வலது பெருவிரல் பார்வையைத் திருப்புவதற்கு, மிகுதி விரல்கள் பத்துக்கும் மேற்பட்ட பொத்தான்களை அழுத்துவதற்கு. சிறுவயது முதல் பழகியவனுக்கு இது சைக்கிள் ஓட்டுவது போன்றது. அறுபது வயதில் முதன்முறை தொடுபவரோ, எந்தப் பொத்தான் எது என்று குனிந்து பார்ப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். நின்டென்டோ நிறுவனம் 2006 நவம்பரில் வெளியிட்ட 'வீ' என்ற கருவி இந்தத் தடையை நீக்கியது. வீட்டுத் தாய்மாரும் விரும்பும் கருவியாக அது அமைய வேண்டும் என்பதே அதனை உருவாக்கியோரின் நோக்கம். கையை வீசினால் திரையில் டெனிஸ் மட்டை வீசும். உருட்டுவது போலக் கையை அசைத்தால் பந்து உருளும். மேலைநாட்டு முதியோர் இல்லங்களில் அது ஒரு பொழுதுபோக்காகவே நிலைபெற்றது. 10 கோடிக்கும் மேற்பட்ட கருவிகள் விற்பனையாயின.

எமது வீடுகளில் அத்தகைய கருவிகள் குறைவே. எமக்கு வாய்த்தது கையடக்கத் தொலைபேசி. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டு, 20 ஆம் திகதி முதல் ஊரடங்கும் அமுலான போது, களனி முதல் வெள்ளவத்தை வரை ஒவ்வொரு வீட்டினுள்ளும் மூன்று தலைமுறையினர் ஒரே கூரையின் கீழ் வாரக்கணக்கில் அடைபட்டனர். மும்பையில் உருவாக்கப்பட்டு 2016 இல் வெளியான 'லூடோ கிங்' என்ற விளையாட்டு தெற்காசியா எங்கணும் பரவியது அந்த நாட்களிலேயே. அதனை மூத்தோருக்கு எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. லூடோ என்பது 1896 இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெறப்பட்ட விளையாட்டு. அதன் மூலமோ இந்தியாவின் பச்சீசி. எங்கள் தாயமும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததே. தரையில் சோக்கட்டியால் கட்டம் கீறி ஆடியவர்களுக்குக் கண்ணாடித் திரையில் அதே கட்டங்கள் காத்திருந்தன. கரமும் அவ்வாறே. கொட்டாஞ்சேனையின் ஒழுங்கைகளில் கரம் பலகையைச் சுற்றி வளர்ந்த ஒருவருக்கு, திரையில் காய் எந்தக் கோணத்தில் தெறிக்கும் என்பதைப் பேரன் சொல்லித்தர வேண்டியதில்லை. மாறாக, இவர் சொல்லிக்கொடுப்பார்.

இதில் பயன் உண்டா என்று கேட்போருக்கு ஓர் ஆய்வைக் குறிப்பிடலாம். அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாரா கோய்ன் குழுவினர் 2011 இல் வெளியிட்ட அவ்வாய்வு, 11 முதல் 16 வயது வரையான பிள்ளைகளைக் கொண்ட 287 குடும்பங்களைப் பற்றியது. பெற்றாருடன் சேர்ந்து விளையாடிய பெண்பிள்ளைகளிடம் நடத்தையும் மனநலமும் குடும்பப் பிணைப்பும் மேம்பட்டுக் காணப்பட்டன. வயதுக்கு ஒவ்வாத விளையாட்டாயின் அந்தப் பிணைப்பில் நன்மை காணப்படவில்லை. ஆண்பிள்ளைகளிடம் இத்தகைய தொடர்பு தென்படவில்லை. அவர்கள் தனித்தும் நண்பருடனும் ஆடும் நேரம் மிக அதிகமாதலால் பெற்றாருடன் கழியும் நேரம் அதில் கரைந்துவிடுகின்றது போலும். ஏற்கெனவே இணக்கமான குடும்பங்களில்தான் பெற்றார் சேர்ந்து ஆடுகின்றனரோ என்ற கேள்வியும் எஞ்சியே நிற்கின்றது. முதியோரின் மூளைக்கு மருந்து என்று விற்கப்படுபவற்றையோ சற்றுத் தள்ளியே வைத்தல் நன்று. அத்தகைய விளம்பரங்களுக்காக 'லுமோசிற்றி' நிறுவனம் 2016 இல் அமெரிக்காவில் 20 இலட்சம் டொலர் செலுத்த நேர்ந்தது.

எம்மைப் பொறுத்தவரை பயன் வேறிடத்தில் உள்ளது. வெள்ளவத்தையின் தொடர்மாடிக் குடியிருப்புகளில் வாழும் முதியோர் பலரின் பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் இருக்கின்றனர். வாரம் ஒருமுறை தொலைபேசித் திரையில் பேரப்பிள்ளை தோன்றுகின்றது. "சாப்பிட்டாயா?", "படிக்கிறாயா?" என்ற இரு கேள்விகளுக்கும் தலையசைத்துவிட்டு மறைந்துவிடுகின்றது. அன்பு இல்லாமையன்று, பேசுவதற்குப் பொருள் இல்லை, பேசுவதற்கான தமிழும் குறைவு. ஒரு லூடோ ஆட்டம் அரை மணித்தியாலம் நீடிக்கும். அந்த அரை மணித்தியாலத்தில் "வெட்டு", "தப்பிவிட்டாய்", "ஏமாற்றாதே அம்மம்மா", "இன்னுமொரு ஆறு போடு" என்று எத்தனை சொற்கள்! ஆட்டத்தில் சூடேறும்போது வரும் சொல்லுக்கு இலக்கணப் பிழை பார்ப்பாரில்லை. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை, தோற்கும்போது தமிழில் முறையிடுகின்றது. வெளிநாட்டில் தொழில்புரியும் தந்தையைப் பிரிந்து வாழும் பிள்ளைகளுக்கும் இதுவே பொருந்தும். டோஹாவிலிருந்து வாப்பா ஒரு காயை நகர்த்துகின்றார். கொட்டாஞ்சேனையில் மகள் அதை வெட்டுகின்றாள்.

எல்லா ஆட்டமும் எல்லா வீட்டுக்கும் ஏற்றதன்று. பகடையையும் சூதையும் மார்க்கத்தின் பெயரால் தவிர்க்கும் முஸ்லிம் குடும்பங்களுக்கு லூடோ ஆட்சேபனைக்குரியதாயிருக்கலாம். கரமும் சொல்விளையாட்டுகளும் கால்பந்தும் அவர்களுக்கு உள்ளன. சூது என்பது பகடையில் மட்டும் இல்லை என்பதையும் கவனித்தல் வேண்டும். காசு கொடுத்து வாங்கி, உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் திறக்கும் 'பரிசுப் பெட்டிகள்' இன்று பல விளையாட்டுகளில் மறைந்துள்ளன. பெல்ஜிய அரசு அவற்றைச் சூதாட்டச் சட்டத்துக்கு முரணானவை என 2018 இல் தீர்மானித்தது. பாட்டனாரின் வங்கி அட்டை அந்தத் தொலைபேசியில் பதிவாகியிருந்தால், பேரன் திறக்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் ஓய்வூதியத்திலிருந்தே பணம் கழியும். விளையாடத் தொடங்குமுன் அட்டையின் விபரங்களை நீக்கிவிடுவதும், அந்நியரோடு உரையாடும் வசதியை முடக்குவதும் ஐந்து நிமிட வேலை. அதனைப் பேரப்பிள்ளையைக் கொண்டே செய்விப்பதில் தவறில்லை.

மூத்தோரின் பெயர் மட்டும் ஆட்டத்தில் இருந்து, அவர்கள் இல்லாமற்போகும் நிலையும் உண்டு. சீன அரசு 2021 ஆகஸ்டு இறுதியில், 18 வயதுக்குட்பட்டோர் வெள்ளி, சனி, ஞாயிறு மற்றும் விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 மணி வரை மட்டுமே இணைய விளையாட்டுகளில் ஈடுபடலாம் எனக் கட்டுப்பாடு விதித்தது. உடனே பிள்ளைகள் பாட்டன் பாட்டியின் அடையாள இலக்கங்களைக் கொண்டு கணக்குகளைத் திறந்தனர். முகத்தைக் காட்டும்படி நிறுவனம் கேட்டபோது, பாட்டியின் முகத்துக்கு நேரே தொலைபேசியை நீட்டினர். அந்த வீடுகளிலும் பாட்டி அருகிலேயே இருந்தார். அவரை ஓர் ஆட்டத்துக்கு அழைத்தவர் எத்தனை பேரோ, அறியோம்.

2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இந்நாட்டில் 60 வயதைக் கடந்தோர் 12.4 சதவீதத்தினர், அவ்வீதம் அதன் பின்னர் மேலும் உயர்ந்துள்ளது. பிள்ளைகள் கடல்கடந்து செல்லும் வேகமும் 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் கூடியுள்ளது. எனவே ஆடும் நேரத்தையும் வசதியாக வகுத்துக்கொள்ளல் அவசியமாகின்றது. கொழும்பில் சனிக்கிழமை இரவு 8 மணி, இஷாத் தொழுகையும் இரவு உணவும் பெரும்பாலும் முடிந்திருக்கும் வேளை. ரொறன்ரோவில் அப்போது கோடையாயின் காலை 10.30, மாரியாயின் 9.30, பாடசாலையும் இல்லை.