ரோடின் வியந்த சிலையை மேனாம்பேட்டுப் பிள்ளை காண வேண்டாமா?

பாரிசு நகரத்திலே ஒரு சிற்பி இருந்தார். ரோடின் என்பது பெயர். கல்லும் வெண்கலமும் அவர் கைபட்டால் மூச்சுவிடும் என்று மேலைநாட்டார் போற்றிய மேதை. 1913ஆம் ஆண்டு, முதுமை தட்டிய பருவத்தில், தம்முன் சில புகைப்படங்களை வைத்துக்கொண்டு பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுதுகோலை எடுத்து, கண்டதையெல்லாம் கட்டுரையாக்கினார். 1917இல் அவர் மறைந்தார்; 1921இல் அந்தக் கட்டுரை அச்சேறிற்று. மேதையை அப்படி ஆட்டிவைத்த படங்கள் எந்த நாட்டுச் சிலையினுடையவை? கிரேக்கத்துச் சிலையா? இல்லை. ரோமாபுரிச் சிலையா? அதுவும் இல்லை. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலே நிற்கும் நம் திருவாலங்காட்டு ஆடவல்லான், தோழர்களே! சோழர் காலத்து வெண்கலம்!

திருவாலங்காடு எங்கே இருக்கிறது? கடல் கடந்தா போகவேண்டும்? மேனாம்பேட்டிலிருந்து அம்பத்தூர் நிலையத்துக்குப் போய், மேற்கே அரக்கோணம் வண்டியில் ஏறினால் திருவள்ளூருக்கு அப்பால் அந்த ஊர் பெயரிலேயே ஒரு நிலையம் உண்டு. அதே பாதையில் கிழக்கே ஏறினால் சென்ட்ரல். அங்கிருந்து எழும்பூர் பாந்தியன் சாலைக்குப் பேருந்து. சிலை கிடைத்த ஊர் ஒருபுறம், சிலை நிற்கும் ஊர் மறுபுறம், இடையிலே மேனாம்பேடு. ரோடின் பார்த்தது நிழற்படத்தை. நிஜத்தைப் பார்க்க ஒரு மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கிறான் நம் வீட்டுப் பிள்ளை. பார்த்தானா என்று கேளுங்கள். பாடப் புத்தகத்திலே பார்த்தேன் என்பான், பாவம்!

பள்ளிகளிலே சுற்றுலா இல்லாமல் இல்லை. ஆண்டுதோறும் அறிவிப்பு வருகிறது. எங்கே? நீர்ச்சறுக்கு விளையாட்டும் இராட்டினமும் உள்ள கேளிக்கைப் பூங்காவுக்கு! கட்டணம் என்ன? தொழிற்பேட்டையில் நாட்கூலிக்கு உழைக்கும் தகப்பன் கேட்டவுடன் கண்ணை மூடிக்கொள்ளும் தொகை. கட்டியவன் பேருந்தில் ஏறுகிறான். கட்டாதவன் அன்றைக்குக் காய்ச்சல் என்று வீட்டிலே இருந்துவிடுகிறான். காய்ச்சல் பிள்ளைக்கா, பெற்றவன் பைக்கா? பிள்ளைகள் ஆடட்டும், பாடட்டும், நனையட்டும். நாம் அதை வெறுப்பவர்கள் அல்லர். ஆனால் சுற்றுலா என்ற சொல்லுக்கு அது ஒன்றே பொருள் என்று எழுதிவைத்தவர் யார்?

எழும்பூர்க் காட்சிச்சாலை 1851இல் பிறந்தது. சென்னை மக்கள் அதற்கு ஒரு பெயர் வைத்தார்கள், செத்த காலேஜ் என்று. மூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த விலங்குக் காட்சிச்சாலைக்கு உயிர் காலேஜ். நகைப்புக்காகச் சொன்ன பெயர்தான். ஆனாலும் எழுத்தறியாத ஏழை மக்கள் இரண்டையும் 'காலேஜ்' என்றார்களே, கவனித்தீர்களா? கல்லூரி வாசல் தங்களுக்குத் திறக்காத காலத்தில், திறந்திருந்த வாசலைக் கல்லூரி என்று கருதினார்கள். உயிர் காலேஜ் 1985இல் வண்டலூருக்குப் போய்விட்டது. செத்த காலேஜ் அங்கேயே இருக்கிறது, பிள்ளைகளை எதிர்பார்த்து.

அங்கே என்ன இருக்கிறது மேனாம்பேட்டுப் பிள்ளைக்கு? அவன் தகப்பனுடைய தொழில் இருக்கிறது என்கிறோம்!

அந்த வெண்கலம் எப்படிப் பிறந்தது? சிற்பி முதலில் மெழுகில் உருவம் செய்தான். விரல் நகம், இடைக்கச்சை, உதட்டோரச் சிரிப்பு, எல்லாம் மெழுகில். அதன்மேல் மெல்லிய வண்டல் மண்ணைப் பூசினான், காய்ந்தபின் முரட்டு மண்ணைப் பொதிந்தான், கம்பியால் இறுக்கினான், அனலில் வைத்தான். மெழுகு உருகித் துளைவழியே ஓடிற்று. உள்ளே வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் கொதிக்கும் உலோகத்தை ஊற்றினான். ஆறியபின் மண் அச்சை உடைத்தான். மெழுகும் போயிற்று, அச்சும் போயிற்று, மிஞ்சியது சிலை ஒன்றே. ஊற்றும்போது ஒரு காற்றுக்குமிழி சிக்கினால்? பல நாள் உழைப்பு பாழ். மறுபடி மெழுகிலிருந்து தொடங்கவேண்டும்! அதிலும் இது உள்ளே கூடான பொம்மையன்று, கனவார்ப்பு. ஒரு கால் தூக்கி, நான்கு கை விரித்து, அத்தனை எடையும் மற்றொரு கால்மீது நிற்கவேண்டும். நின்றது. நிற்கிறது.

இந்த முறை செத்துவிட்டதா? விமான எஞ்சினுக்குள் சுழலும் உலோக அலகுகளை இன்று வார்ப்பதும் மெழுகு வைத்துத்தான். வண்டல் மண்ணுக்குப் பதில் பீங்கான் பூச்சு, அவ்வளவே வேறுபாடு. வார்ப்படப் பட்டறையில் அச்சுக் கட்டும் தொழிலாளியின் மகன் அந்தச் சிலையின்முன் நின்றால், கலை விமர்சகர் காணாததைக் காண்பான். உலோகம் எந்தப் பக்கத்திலிருந்து ஊற்றப்பட்டிருக்கும் என்று கேட்பான்! "எங்கப்பா செய்யுற வேலைதான் சார் இது" என்று அவன் ஆசிரியரிடம் சொல்லும் நாள், அந்த வகுப்பிலே புதுநாள் அல்லவா?

இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். கோயிலில் இருந்தவரை இந்தப் படிமங்களைப் பட்டும் பூவும் மூடியிருந்தன. எட்டத்தில் நின்று, தீப ஒளியில், முகம் மட்டும் தெரியும். அந்த எட்டமும் எல்லாருக்கும் கிட்டிற்றா? 1947இல் சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம் வரும்வரை, வாயிலோடு நிறுத்தப்பட்டவர் எத்தனை இலட்சம்! மண் பிசைந்தவன், உலை ஊதியவன், உலோகம் சுமந்தவன், இவர்கள் வழிவந்தவர் எத்தனை பேர் வெளியே நின்றனரோ! அருங்காட்சியகம் சாதி கேட்டுச் சீட்டுக் கொடுக்கும் இடமன்று. கைநீட்டும் தொலைவில் நிற்கலாம். முன்புறம் மட்டுமன்று, முதுகுப்புறத்தையும் சுற்றிப் பார்க்கலாம். சிற்பியின் திறமை முதுகிலேதான் தெரியும் என்பது எங்கள் எண்ணம்.

அமராவதிச் சிற்பங்களின் கதையையும் பாருங்கள். ஒரு பகுதி எழும்பூரில். மற்றொரு பகுதி 1859இல் கப்பலேறி இலண்டனுக்குப் போயிற்று. அங்கே பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலே பொதுக்கூடங்களுக்குக் கட்டணமில்லை. பள்ளிப் பிள்ளைகள் தரையில் அமர்ந்து, தாளும் பென்சிலுமாகப் பார்த்ததை வரைகிறார்கள். நம் கல்லை அவன் வரைகிறான். நம் பிள்ளை இராட்டினத்தில் சுற்றுகிறான்!

ஆசிரியத் தோழர்களே, ஒரு வேண்டுகோள். அழைத்துப்போனால், எல்லாக் கூடங்களையும் ஒரே நாளில் காட்டிவிட வேண்டும் என்று பிள்ளைகளை ஓட்டாதீர்கள். வரிசை, வரிசை, பேசாதே, தொடாதே, நட, நட! இப்படிப் பார்த்துவந்தவனைக் கேட்டால் வாசலில் வாங்கிய ஐஸ்கிரீமைத்தான் சொல்வான். வெண்கலக் கூடம் ஒன்று போதும். ஆளுக்கொரு சிலையை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும், அரைமணி அதன்முன் இருக்கட்டும், கோணலாகவேனும் வரையட்டும். திருவாலங்காட்டு ஆடவல்லானைச் சுற்றி நெருப்பு வளையம் இல்லை. மற்ற நடராசர்களுக்கு இருக்கிறதே, இதற்கு ஏன் இல்லை? விடையைச் சொல்லிவிடாதீர்கள். கேள்வியோடு வீட்டுக்குப் போகட்டும்.

மறு ஆண்டு மேற்கே போகலாம். திருவள்ளூருக்கு அப்பால் பூண்டி ஏரிக்கரையிலே தொல்லியல் துறையின் காட்சிச்சாலை உண்டு. அந்தப் பக்கத்து அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்கோடரிகள் ஏறக்குறைய 15 இலட்சம் ஆண்டு பழமை உடையவை என்று 2011இல் ஆய்வாளர் அறிவித்தனர். மெழுகுக்கும் உலோகத்துக்கும் முன்னே, கல்லைக் கல்லால் தட்டிய கையின் வேலை அது.

செலவு? இரயில் கட்டணம், பேருந்துக் கட்டணம், நுழைவுச் சீட்டு, வீட்டிலிருந்து கட்டிய புளிச்சோறு. பணமில்லாத பிள்ளையின் பங்கைப் பள்ளியும் ஊரும் பகிர்ந்துகொள்ளலாம். அரசே ஏற்றால் இன்னும் நன்று, அதை நாம் கேட்டுக்கொண்டே இருப்போம். காலாண்டுத் தேர்வு முடிந்த மறுவாரம் ஒரு நாள் குறியுங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம். அன்று காட்சிச்சாலைக்கு விடுமுறை.