பல ஆவணங்களை ஒருங்கே எடுத்தல்

வீரமாமுனிவர் 1732-ஆம் ஆண்டில் சதுரகராதியை இயற்றினார். அதற்கு முன்னர் வழங்கிய நிகண்டுகள் செய்யுளால் ஆனவை. மனப்பாடம் செய்தோருக்கே அவை முழுதும் பயன்பட்டன. அகராதியோ எழுத்து வரிசையில் நிற்பதால் எவரும் வேண்டிய சொல்லை எடுக்கலாம். ஆயினும் ஒரு சொல்லைத் தேடுவது வேறு, 40 சொற்களைத் தேடுவது வேறு. கண்டபடி தேடுபவர் நூலை முன்னும் பின்னும் புரட்டிக் களைப்பார். அந்த 40-ஐயும் முதலில் அகர வரிசைப்படுத்திக்கொண்டவர் ஒரே புரட்டில் முடிப்பார். கணினியின் ஆவணத் தரவுத்தளத்திலும் நிலைமை இதுவே.

அங்கே மாணவர் ஒருவரின் பெயர், வகுப்பு, பெற்றோர், உதவித்தொகை யாவும் ஓர் ஆவணமாக அமையும். அதனை எடுக்க ஒரு திறவெண் உண்டு. மலேசியாவில் 12 இலக்க அடையாள எண்ணைத் திறவெண்ணாகக் கொள்வது பலருக்கும் எளிதாகத் தோன்றும்.

கிள்ளான் பள்ளியொன்று, பிரிக்பீல்ட்சிலுள்ள கணினியிலிருந்து 300 மாணவரின் ஆவணங்களைப் பெற வேண்டும் என வைத்துக்கொள்க. எண்ணுக்கு ஒரு முறை கேட்பது, 300 தாள்களுக்காகக் கேஎல் சென்ட்ரலுக்கு 300 முறை இரயிலேறுவதை ஒக்கும். ஒரு போக்குவரவு நொடியில் 50-இல் ஒரு பங்கே ஆயினும், மொத்தம் 6 நொடி கழியும். எண்கள் அனைத்தையும் ஒரே கேள்வியில் அனுப்பினால் பயணம் ஒன்றே. பல்லாயிரம் எண்களாயின் ஆயிரம் ஆயிரமாகப் பகுத்து அனுப்புதல் நன்று.

தரவுத்தளம் திறவெண்களை வரிசைப்படுத்தி ஓர் அடைவாக வைத்திருக்கும். அடையாள எண்ணின் முதல் 6 இலக்கங்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றைக் குறிப்பன. ஆதலின் ஒரு வகுப்புப் பிள்ளைகள் அடைவிலும் அருகருகே நிற்பர். வரிசைப்படுத்திய தேடல் ஒரே பக்கத்தில் பலரைக் காணும்.

விரைவினும் பெரிது விடுபடாமை. 2005-இல் தோன்றிய கௌச் டிபி, கேட்ட வரிசையிலேயே விடை தந்து, இல்லாத எண்ணை 'இல்லை' என்றே சொல்லும். 2009-இல் வெளிவந்த மாங்கோ டிபியோ, பல எண்களை ஒருங்கே கேட்டால் கிடைத்தவற்றை மட்டும் தரும்; வரிசையும் மாறலாம். 300 கேட்டு 297 வந்தால், அந்த மூவர் யாவர் என்று கேட்டவரே ஒப்பிட்டுக் காண வேண்டும். ஒப்பிடாவிடில் உதவித்தொகைப் பட்டியலில் மூன்று பிள்ளைகள் ஓசையின்றி மறைவர்.

மறைவதற்குக் காரணம் அற்பமாகவும் இருக்கும். 2000 முதல் 2009 வரை பிறந்தோரின் எண் சுழியத்தில் தொடங்கும். அதனை எழுத்துத் தொடராக வையாது கணக்கு எண்ணாக வைத்தால் சுழியம் உதிரும், திறவெண் பொருந்தாது. ஓரிடத்தில் இடைக்கோடு இட்டும் பிறிதோரிடத்தில் இடாமலும் எழுதினாலும் அதே விளைவு.

பிறப்புப் பத்திரமே இல்லாத பிள்ளைகளும் நம்மிடையே உளர். அடையாள எண் ஒன்றே திறவெண் என்றால் அவர்களுக்கு ஆவணமே அமையாது. பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டு எண்ணைத் திறவெண்ணாக்குவதே தக்கது. அடையாள எண் ஆவணத்தினுள் ஒரு செய்தியாக நிற்கட்டும். கிடைத்த நாளில் நிரப்பலாம். அதற்கும் தனியே ஓர் அடைவு அமைத்துவிட்டால் தேடலின் விரைவு பெரிதும் குறைவதில்லை.