துருப்பிடிப்பதே வேலையான இரும்பு

மாசடைந்த நிலங்களுக்கான மத்திய அரசு விதிகள் 2025 ஜூலையில் வந்தன. சந்தேகத்துக்குரிய இடம் என்று தகவல் போனால் 90 நாளில் முதற்கட்ட ஆய்வு முடிய வேண்டும். அதன்பின் எனக்கு வரும் கடிதங்களில் ஒரே கேள்வி: “உருக்காலைக் கழிவிலிருந்து நானோ இரும்பு எடுக்கிறார்களாமே, மதுரை வண்டியூர்க் கண்மாயில் போட்டால் என்ன?”

ஒரு டம்ளர் தண்ணீரில் மயில்துத்தம் கரைத்து, துருவில்லாத ஆணி ஒன்றைப் போட்டுப் பாருங்கள் (விஷம், பிள்ளைகளுக்கு எட்டக் கூடாது). கொஞ்ச நேரத்தில் ஆணி செம்பு நிறமாகும், நீலம் மெல்ல வெளுக்கும். இரும்பு எலக்ட்ரானைக் கொடுத்துத் தான் கரைகிறது. மயில்துத்தத்தில் உள்ள செம்பு அதை வாங்கிப் படிகிறது. துருவும் இதே கொடுக்கல்தான். ராணிப்பேட்டையில் 1990களின் நடுவில் மூடிய குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேல். அதிலிருந்து நிலத்தடி நீரில் இறங்கும் மஞ்சள் நிற ஹெக்சாவேலன்ட் குரோமியத்துக்கு இரும்பு எலக்ட்ரான் கொடுத்தால், அது நச்சு குறைந்த டிரைவேலன்ட் வடிவமாகித் துருவோடு படிந்துவிடும். துகள் பொடியாகப் பொடியாக வேகம் கூடும்; நானோ இரும்பு என்பது மிக நுண்ணிய பொடிதான்.

உருட்டாலையில் உதிரும் செதிலை ஹைட்ரஜனில் சூடாக்கியோ, தகடு கழுவிய பிக்லிங் அமிலத்தில் சோடியம் போரோஹைட்ரைடு சேர்த்தோ இந்தப் பொடியை எடுக்கலாம். இரண்டாவது வழி விலை கட்டாது.

‘சுத்திகரித்தோம்’ என்று அறிக்கைகள் சொல்லும்போதுதான் எனக்கு உறுத்துகிறது. குரோமியம் எங்கும் போகவில்லை. அங்கேயே மண்ணில் கிடக்கிறது. மாங்கனீசு ஆக்சைடு உள்ள மண்ணில் அது பழைய நச்சு வடிவத்துக்கே திரும்பலாம். துகளின் மேல் துரு மூடினால் வேலையும் நின்றுவிடும். அதைவிட, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கழுவிய அமிலத்திலேயே குரோமியமும் நிக்கலும் உண்டு. எந்த ஆலைக் கழிவு என்று கேட்காமல் அந்தப் பொடியை நீரில் இறக்கினால், மருந்தோடு நோயும் சேர்ந்து இறங்கும். அபாயகரக் கழிவை மூலப்பொருளாக்க, 2016 அபாயகரக் கழிவு விதிகளின்படி மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி வேண்டும்.

எங்காவது செய்திருக்கிறார்களா? அமெரிக்காவின் எலிசபெத் சிட்டியில் 1996இல் 46 மீட்டர் நீளத்துக்கு நிலத்தடியில் இரும்புச் சுவர் வைத்தார்கள். அது நானோ அல்ல, குருணை.

வண்டியூர்? அங்கே கலப்பது சாக்கடை. இதற்கு இரும்பு மருந்தல்ல.

உப்புத்தண்ணீர்? உப்பு குறையாது.

நைட்ரேட்? பெரும்பாலும் அமோனியமாக மாறி நிற்கும்.

சுங்குடிச் சாயத் தண்ணீர்? அசோ சாயமென்றால் நிறம் போகும். உடைந்து பிறக்கும் அமீன்கள் தண்ணீரிலேயே தங்கும். தெளிந்த நீரைக் காட்டினால், அமீன் அளவு எவ்வளவு என்று கேளுங்கள்.