உங்களுக்குத் தெரியுமா? குழி மூடக் காசில்லை, சாலை போடக் காசுண்டு!

அமெரிக்க நகராட்சி ஒன்று ஏழைகள் வாழும் தெருவில் நடைபாதை போட்டாலோ, வயதான பாட்டியின் வீட்டுக்குக் கூரை மாற்றிக் கொடுத்தாலோ, பல சமயம் அதற்கான பணம் வாஷிங்டனிலிருந்து வந்திருக்கும். சமூக மேம்பாட்டுத் தொகுப்பு மானியம் என்று பெயர். அங்கே எல்லோரும் சுருக்கமாக 'சிடிபிஜி' என்பார்கள். இந்தப் பணம் எப்படி வருகிறது, எப்படிப் போகிறது? இந்த வாரத் துணுக்குகள் அதைப் பற்றித்தான்.

● 1974 ஆகஸ்ட் 9-ம் தேதி அதிபர் நிக்சன் பதவி விலகினார். பதின்மூன்றே நாளில், ஆகஸ்ட் 22 அன்று, புதிய அதிபர் ஜெரால்டு ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டத்தில் பிறந்தது இந்த மானியம். யோசனை நிக்சனுடையது, கையெழுத்து ஃபோர்டுடையது. அதற்கு முன்பு குடிநீர், சாக்கடைக்கு ஒரு விண்ணப்பம், திறந்தவெளிப் பூங்காவுக்கு இன்னொன்று, நகரச் சீரமைப்புக்கு வேறொன்று என்று நகராட்சிகள் வாஷிங்டன் வாசலில் தனித்தனியாக நிற்க வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, "இந்தா, உன் ஊருக்கு என்ன வேண்டுமோ நீயே முடிவு செய்" என்று கொடுத்ததுதான் 1974-ன் மாற்றம். கூடவே நிபந்தனைகளும் வந்தன. அவை ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்தன.

● எந்த நகரத்துக்கு எவ்வளவு என்பதை எந்த அமைச்சரும் முடிவு செய்வதில்லை. சூத்திரம்தான் முடிவு செய்கிறது. சூத்திரம் ஒன்றல்ல, இரண்டு! முதலாவதில் வறுமைக்குப் பாதி மதிப்பு, மக்கள்தொகைக்குக் கால், நெரிசலான வீடுகளுக்குக் கால். இரண்டாவதில் 1940-க்கு முன் கட்டிய வீடுகளுக்குப் பாதி மதிப்பு, வறுமைக்கு 30 சதவீதம், 1960-க்குப் பிறகு மற்ற நகரங்களைப் போல வளராமல் பின்தங்கியதற்கு 20 சதவீதம். இரண்டையும் போட்டுப் பார்த்து எது அதிகமோ அதை நகரம் எடுத்துக்கொள்ளலாம். ஆளாளுக்குப் பெரிய தொகையை எடுத்தால் கூட்டுத்தொகை பெட்டியில் உள்ளதைத் தாண்டிவிடும் அல்லவா? அதனால் கடைசியில் எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் வெட்டு விழும்.

இரண்டாவது சூத்திரம் 1977-ல் சேர்ந்தது. ஆலைகள் மூடப்பட்டு, ஆட்கள் வெளியேறி, தேய்ந்துகொண்டிருந்த வடகிழக்கு, நடுமேற்கு நகரங்களைக் காப்பாற்றத்தான் அதைக் கொண்டுவந்தார்கள். ஆனால் பழைய வீடு என்றால் பாழடைந்த வீடுதானா? பாஸ்டனை ஒட்டிய நியூட்டன் வசதியானவர்களின் ஊர். அங்கே நூறு வயது வீடு என்பது பெருமைக்குரிய, விலை உயர்ந்த சொத்து. சூத்திரத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. புதிதாக முளைத்த ஏழை ஊரைவிடப் பழைய பணக்கார ஊர் சில சமயம் முந்திக்கொள்வது இதனால்தான். மானியத்தைச் சரியாக ஏழைகளிடம் சேர்க்க வேண்டுமென்றால் முதலில் தொட வேண்டிய இடம் இதுதான். தொட்டால் சில நகரங்கள் இழக்கும். அதனால் யாரும் தொடுவதில்லை.

● பெருநகர வட்டாரத்தின் முதன்மை நகரங்கள், 50,000 பேருக்கு மேல் உள்ள மற்ற நகரங்கள், 2 லட்சம் பேருக்கு மேல் உள்ள கவுண்டிகள் ஆகியவற்றுக்கு இந்தப் பணம் உரிமையாக, நேரடியாக வரும். மொத்தத்தில் 70 சதவீதம் இவர்களுக்கு. மீதி 30 மாநில அரசுகள் வழியாகச் சிற்றூர்களுக்குப் போகிறது. ஹவாய் மாநிலம் மட்டும் அந்த வேலையே வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டதால், அங்கே மூன்று கவுண்டிகளுக்கு மத்திய அரசே நேரடியாகக் கொடுக்கிறது.

● எந்தச் செலவானாலும் மூன்று காரணங்களில் ஒன்றைக் காட்டியாக வேண்டும். ஒன்று, குறைந்த அல்லது நடுத்தரத்துக்குக் கீழான வருமானம் உள்ளவர்களுக்குப் பயன். அதாவது அந்த வட்டாரத்தின் இடைநிலை வருமானத்தில் 80 சதவீதத்தைத் தாண்டாதவர்கள். இரண்டு, பாழடைந்த பகுதியைச் சீர்செய்வது. மூன்று, புயல் வெள்ளம் போன்ற உடனடி அவசரம்.

● தொடக்கத்தில் ஏழைகளுக்கு இத்தனை சதவீதம் என்று சட்டத்தில் எண்ணே கிடையாது. விளைவு? ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் வசதியானவர்கள் வாழும் பகுதியில் இந்தப் பணத்தில் டென்னிஸ் மைதானம் வந்தது! இப்படிப்பட்ட கதைகள் நாடாளுமன்றம் வரை எட்டின. 1983-ல் 51 சதவீதம் என்று எண் வந்தது. 1987-ல் அது 60 ஆனது, 1990-ல் 70 ஆனது. இன்றும் 70-தான்.

● ஒரு தெருவுக்குச் செலவழித்தால் அங்கே வாழ்பவர்களில் குறைந்தது 51 சதவீதம் பேர் அந்த வருமான வரம்புக்குள் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட பகுதியே இல்லாத பணக்கார ஊர் என்ன செய்யும்? அதற்கும் வழி இருக்கிறது. தன் ஊருக்குள் ஏழைகள் அதிகமுள்ள கால் பங்குப் பகுதிகளைக் காட்டினால் போதும். முதியோர் மையம், வீடற்றோர் காப்பகம் போன்றவற்றில் வருமானச் சான்றே கேட்க வேண்டாம். அங்கே வருபவர்களைக் குறைந்த வருமானக்காரர்கள் என்று விதியே எடுத்துக்கொள்ளும்.

● சாலையைப் புதிதாகப் போடலாம், மேல்தளம் முழுவதையும் புதுப்பிக்கலாம். ஆனால் சாலைக் குழியை மூடக்கூடாது! நடைபாதை விரிசலைப் பூசக்கூடாது. பூங்காவில் புல் வெட்டக்கூடாது. தெருவிளக்கில் எரிந்துபோன பல்பை மாற்றக்கூடாது. இவை கேலிக்குச் சொன்னவை அல்ல. நான்குமே மத்திய விதியில் உதாரணங்களாகவே அச்சிடப்பட்டிருக்கின்றன. பராமரிப்பு நகராட்சியின் அன்றாடக் கடமை, அதற்கு உள்ளூர் வரிப்பணத்தைப் போடு என்பது தத்துவம். தத்துவம் சரிதான். ஆனால் குழியை மூடாமல் விட்டு, சாலை முழுதும் கெட்ட பிறகு மானியம் கேட்கலாமே என்று ஒரு பொறியாளருக்குத் தோன்றினால் அவரைக் குறை சொல்ல முடியுமா?

● நகராட்சி அலுவலகம் கட்டவும் கூடாது. ஆனால் அதே அலுவலகத்துக்குச் சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம் கட்டலாம். தீயணைப்பு நிலையம் கட்டலாம், தீயணைப்பு வண்டியும் வாங்கலாம். வண்டியை நிலையத்தின் ஓர் அங்கமாகவே விதி பார்க்கிறது.

● நியூயார்க்கில் காலிமனைகளைத் தெருக்காரர்களே தோட்டமாக்கிய கதையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தத் தோட்டக்காரர்களுக்கு மண், கருவி, பயிற்சி எல்லாம் கொடுக்க 1978-ல் நகரம் தொடங்கிய 'கிரீன் தம்ப்' திட்டம் வளர்ந்தது இந்த மானியத்தில்தான். இன்று 500-க்கும் மேற்பட்ட சமூகத் தோட்டங்களுக்கு அது துணை நிற்கிறது. அதே நகரம் மானியத்தின் பெரும் பங்கை வேறொன்றுக்குச் செலவிடுகிறது. குளிர்காலத்தில் வெப்பமூட்டியைச் சரிசெய்யாத வீட்டு உரிமையாளர் இருந்தால், நகராட்சியே ஆளனுப்பிச் சரிசெய்துவிட்டுச் செலவை அவர் தலையில் கட்டும். இப்படிப்பட்ட அவசரப் பழுதுபார்ப்புக்கும் கட்டட விதி ஆய்வுக்கும் இந்தப் பணம் போகிறது.

● நிர்வாகத்துக்கும் திட்டமிடலுக்கும் 20 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. குழந்தைகள் காப்பகம், வேலைப் பயிற்சி, முதியோர் உணவு போன்ற சேவைகளுக்கு 15 சதவீதம்தான் உச்சவரம்பு. ஆகப் பெரிய சண்டை நடப்பது இந்த 15-க்குத்தான். ஊரில் உள்ள தொண்டு நிறுவனங்கள் எல்லாம் அந்தச் சிறிய பங்குக்கு வரிசையில் நிற்கும். கவுன்சில் கூட்டத்தில் கண்ணீர், கைதட்டல், கோபம் எல்லாம் அந்த ஒரு நாளில்தான். சாக்கடைக் குழாய்க்கு யார் கைதட்டுவார்கள்?

● 2017 மார்ச்சில் அதிபர் டிரம்ப் அரசு இந்த மானியத்தையே ஒழிக்க வேண்டும் என்று பட்ஜெட்டில் எழுதியது. அப்போது கிளம்பிய எதிர்ப்பில் முன்னால் நின்றது, முதியவர்களின் வீடு தேடி உணவு கொண்டுபோகும் 'மீல்ஸ் ஆன் வீல்ஸ்'. உண்மையில் அந்த அமைப்புகளுக்கு மத்தியப் பணம் பெரும்பாலும் முதியோர் நலச் சட்டம் வழியாகத்தான் வருகிறது. இந்த மானியத்திலிருந்து சில ஊர்களில் கொஞ்சம் போகிறது, அவ்வளவுதான். ஆனாலும் பாட்டியின் சாப்பாட்டுத் தட்டைப் பிடுங்குகிறார்கள் என்ற படம் மக்கள் மனதில் பதிந்துவிட்டது. அடுத்த நிதியாண்டில் நாடாளுமன்றம் மானியத்தை ஒழிக்கவில்லை. 300 கோடி டாலரிலிருந்து 330 கோடியாக உயர்த்தியது!

● ஒவ்வொரு நகரமும் மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒரு பெருந்திட்டம், ஆண்டுதோறும் ஒரு செயல்திட்டம், ஆண்டு முடிந்து 90 நாளுக்குள் ஒரு கணக்கு அறிக்கை தர வேண்டும். ஆண்டுத் திட்டம் ஆகஸ்ட் 16-க்குள் போய்ச் சேரவில்லை என்றால் அந்த ஆண்டுப் பணம் அவ்வளவுதான், கைவிட்டுப் போய்விடும்.

● பணத்தைச் செலவழிக்காமல் வைத்திருந்தாலும் குற்றம். திட்ட ஆண்டு முடிய 60 நாள் இருக்கும்போது கணக்கு பார்ப்பார்கள். மீதி, ஆண்டு மானியத்தின் ஒன்றரை மடங்கைத் தாண்டியிருந்தால் கேள்வி வரும். தொடர்ந்தால் மானியம் குறையும்.

● கூலி விஷயத்தில் ஒரு வினோதம். மத்தியப் பணத்தில் நடக்கும் கட்டுமான ஒப்பந்தம் 2,000 டாலரைத் தாண்டினால், அந்த வட்டாரத்தில் நிலவும் கூலியைத் தர வேண்டும். இந்த 2,000 என்ற வரம்பு 1935-ல் வைத்தது. இன்றுவரை மாறவில்லை. எட்டுக்குக் குறைவான குடியிருப்புகள் உள்ள கட்டடத்தைப் பழுதுபார்த்தால் மட்டும் இந்த மானியத்தில் விலக்கு உண்டு.

● பக்கத்து ஊருக்குப் பணம் போகக்கூடாது என்று ஒரு நகரம் வழக்குப் போட்டது தெரியுமா? 1975-ல் கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபோர்டு நகரம் அப்படிச் செய்தது. அதைச் சுற்றியுள்ள புறநகர்கள் மானியம் கேட்டன. அப்போதைய சட்டப்படி, தங்கள் ஊரில் குடியேற வாய்ப்புள்ள ஏழைகளின் எண்ணிக்கையையும் அவர்களுக்கான வீட்டுத் திட்டத்தையும் காட்ட வேண்டும். பல ஊர்கள் அந்தக் கட்டத்தில் பூஜ்யம் என்று எழுதின! ஏழைகள் எல்லாம் எங்களிடமே இருக்கட்டும், பணம் மட்டும் உங்களுக்கா என்று ஹார்ட்ஃபோர்டு கேட்டது. 1976-ல் ஏழு புறநகர்களின் மானியத்தை நீதிமன்றம் நிறுத்தியது. மறு ஆண்டு மேல்முறையீட்டில், வழக்குத் தொடரவே ஹார்ட்ஃபோர்டுக்குத் தகுதியில்லை என்று தீர்ப்பு புரண்டது. பூஜ்யம் சரியா என்ற கேள்விக்குக் கடைசிவரை பதில் இல்லை.

● பதில் வேறு வடிவில், முப்பது ஆண்டு கழித்து வந்தது. மானியம் வாங்கும் ஒவ்வோர் ஊரும், வீடு கிடைப்பதில் நிறம், இனம் பார்க்கும் தடைகளை நீக்கப் பாடுபடுகிறோம் என்று உறுதி தர வேண்டும். நியூயார்க்கை ஒட்டிய வெஸ்ட்செஸ்டர் கவுண்டி வழக்கமாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தது. 2006-ல் ஒரு தன்னார்வ அமைப்பு, அரசை ஏமாற்றிப் பணம் பெறுவோர் மீதான சட்டத்தில் வழக்குப் போட்டது. இனப் பாகுபாட்டுத் தடைகளை ஆராயவே இல்லாமல் உறுதிமொழி தந்தது பொய் என்று 2009-ல் நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டில் சமரசம் ஏற்பட்டது. மொத்தம் 6.25 கோடி டாலர். வெள்ளையர் மிகுந்த ஊர்களில் மலிவு விலை வீடுகள் 750 கட்ட வேண்டும். கோப்பில் கண்ணை மூடிக்கொண்டு போடும் கையெழுத்துக்கு இவ்வளவு விலை கொடுத்த ஊர் வேறு இருக்குமா தெரியவில்லை.

● வருங்கால மானியத்தை ஈடாக வைத்து நகரம் கடன் வாங்கலாம். ஆண்டு மானியத்தைப் போல ஐந்து மடங்கு வரை. தவணை தவறினால் வரப்போகும் மானியத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

● பேரிடர் வந்தால் இதே குழாய் வழியாகப் பெருவெள்ளம் போலப் பணம் வரும். 2005-ல் கத்ரீனா புயலுக்குப் பிறகு லூசியானாவில் வீடிழந்தவர்களுக்கு 'ரோடு ஹோம்' திட்டத்தில் உதவி தரப்பட்டது. உச்சவரம்பு 1.5 லட்சம் டாலர். ஆனால் வீட்டின் பழைய சந்தை விலை, திருப்பிக் கட்டும் செலவு இரண்டில் எது குறைவோ அதைக் கணக்கில் எடுத்தார்கள். ஒரே அளவு வீட்டுக்குத் திருப்பிக் கட்டும் செலவு எல்லாத் தெருவிலும் ஏறக்குறைய ஒன்றுதான். கறுப்பினத்தவர் வாழும் தெருவில் சந்தை விலைதான் குறைவு. அதனால் அவர்களுக்கு உதவியும் குறைந்தது. நீதிமன்றம் வரை போய், 2011-ல் சமரசமாகி, மேலும் உதவி கிடைத்தது. அதற்குள் ஆறு ஆண்டுகள் ஓடிவிட்டன.

● 1975-ல் இந்த மானியம் சுமார் 240 கோடி டாலர். அண்மை ஆண்டுகளில் 330 கோடி. கூடியிருக்கிறது என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். அன்று ஒரு டாலருக்குக் கிடைத்ததை வாங்க இன்று ஐந்தரை டாலருக்கு மேல் வேண்டும். பங்கு கேட்கும் நகரங்களும் கூடிவிட்டன.

● ஃப்ரீமாண்ட், எடிசன், பிளேனோ, இர்விங் என்று நம்மவர்கள் நிறைந்த ஊர்கள் பலவும் இந்த மானியம் வாங்குபவைதான். அங்கே வாழும் தமிழ் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு முறை பொதுக்கூட்டம் நடத்த வேண்டும், திட்ட வரைவை 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பது விதி. நீங்கள் சொல்லும் கருத்தை ஏற்காவிட்டால், ஏன் ஏற்கவில்லை என்று எழுதித் திட்டத்துடன் இணைத்து அனுப்ப வேண்டும். எழுத்துமூலப் புகாருக்கு முடிந்தவரை 15 வேலை நாளில் பதில் தர வேண்டும். இந்தக் கூட்டங்களில் பெரும்பாலும் நாற்காலிகள் காலியாகத்தான் கிடக்கின்றன. அடுத்த அறிவிப்பு வரும்போது போய் உட்காருங்கள், உங்கள் தெருவுக்கு என்ன வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள்.