துடுப்பைப் பிடிக்கும் குட்டிக் கொண்டி!

சிவகாசி, விருதுநகர் பக்கத்துச் சுட்டிகளே! விஷ்ணு சக்கரம் விட்டிருக்கிறீர்கள் அல்லவா? கையில் பிடித்திருக்கும் கம்பியின் நுனியில் சக்கரம் 'விர்ர்ர்' என்று சுழலும். அங்கே அதைத் தாங்கிப் பிடிப்பது ஒரு சின்ன ஆணி. அந்த ஆணி இறுக்கமாக இருந்தால் என்ன ஆகும்? சக்கரம் சுழலாமல், நின்ற இடத்திலேயே எரிந்து தீர்ந்துவிடும். ரொம்பத் தொளதொளவென்று இருந்தால் தள்ளாடும். மருந்து எவ்வளவு நல்ல மருந்தாக இருந்தாலும், ஆணி சரியில்லை என்றால் அத்தனையும் வீண்!

இதே கதைதான் துடுப்புப் படகிலும். படகை ஓட்டுபவர் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும், துடுப்பைத் தாங்கும் ஒரு குட்டி இரும்பு சரியில்லை என்றால் படகு நகராது.

"நம்ம ஊருக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம்? வைப்பாற்றில் தண்ணீர் ஓடும் நாட்களைவிட மணல் தெரியும் நாட்கள்தானே அதிகம்?" என்று கேட்கிறீர்களா? பள்ளிச் சுற்றுலாவுக்குக் கொடைக்கானல் போகிறீர்களே, அங்கே படகில் ஏறாமல் வந்தீர்களா என்ன! 1863ம் ஆண்டு, மதுரை கலெக்டராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச் என்பவர்தான் அங்கே ஓடைத் தண்ணீரைத் தேக்கி ஏரியை உருவாக்கினார். அந்த ஏரிக்கு முதல் படகு எங்கிருந்து போனது தெரியுமா? தூத்துக்குடியிலிருந்து! தூத்துக்குடிக்கும் கொடைக்கானலுக்கும் நடுவே நம் கரிசல்காடுதான் கிடக்கிறது. மலைமேல் ஒரு படகு ஏறிப் போனதை நினைத்தாலே எனக்குச் சிரிப்பும் ஆச்சரியமும் சேர்ந்து வரும்.

என் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன்பு, ஒரு மலை ஊர் ஏரியில் நானே துடுப்பு வலித்துப் பார்க்கலாம் என்று ஆசைப்பட்டேன். நாலு இழுப்பு நன்றாகத்தான் போனது. ஐந்தாவது இழுப்பில் 'டக்' என்று ஒரு சத்தம். துடுப்பு அது உட்கார்ந்திருந்த இரும்பை விட்டு எகிறிவிட்டது. நான் மல்லாந்து விழுந்தேன். கால் இரண்டும் ஆகாயத்தில்! என்னோடு வந்த பிள்ளைகள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கேட்கிறது. எழுந்து அந்த இரும்பைப் பார்த்தேன். தேய்ந்து, வாய் அகன்று, கிரீஸ் காணாமல் துருப்பிடித்துக் கிடந்தது.

அந்த இரும்பின் பெயர் 'ஓர்லாக்'. கவட்டைக் கொம்பு போல மேலே இரண்டாகப் பிரிந்திருக்கும். கீழே ஒரு தண்டு. அந்தத் தண்டு படகின் விளிம்பில் உள்ள துளைக்குள் இறங்கியிருக்கும். நாம் இதைத் 'துடுப்புக் கொண்டி' என்று சொல்லிக்கொள்வோம்.

ஒகேனக்கல் பரிசல்காரருக்குக் கொண்டி தேவையில்லை. துடுப்பை இரண்டு கைகளாலும் பிடித்துத் தண்ணீரை வாரித் தள்ளுவார். கேரளத்தில் பாம்புப் படகுப் போட்டியில் கலந்துகொள்ளும் நூறு பேருக்கும் அப்படித்தான். ஆனால் துடுப்பு நீளமாக ஆகிவிட்டால் அதைக் கையில் தூக்கி வைத்திருக்க முடியாது. படகின்மேல் எங்கேயாவது சாய்க்க வேண்டும். சாய்த்த உடனே அது நெம்புகோல் ஆகிவிடுகிறது!

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. துடுப்பு தண்ணீரைப் பின்னால் தள்ளுகிறது என்றுதானே நினைக்கிறோம்? கரையில் நின்று கவனித்துப் பாருங்கள். துடுப்பின் அகலமான அலகு தண்ணீரில் ஊன்றிக்கொண்டு, கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் நிற்கும். படகுதான் அதைத் தாண்டிப் போகும். படகுக்கு அந்தத் தள்ளு எந்த வழியாக வந்து சேருகிறது? கொண்டி வழியாக! உங்கள் முதுகு, தோள், கால் எல்லாம் சேர்ந்து கொடுத்த பலம் முழுவதும் அந்தச் சின்ன இரும்பைப் பிடித்துத்தான் படகை முன்னால் தள்ளுகிறது. அது ஆடினால், அந்த ஆட்டத்திலேயே பலம் கொஞ்சம் போய்விடும். தேய்ந்தால் இன்னும் கொஞ்சம் போகும்.

முளையும் கயிறும்

பழங்காலத்தில் இரும்புக் கொண்டி கிடையாது. கிரேக்கர்களின் போர்க் கப்பலில் 170 பேர் உட்கார்ந்து துடுப்பு வலித்தார்கள். ஒவ்வொரு துடுப்புக்கும் ஒரு மர முளை. மாட்டைக் கட்ட முளை அடிப்போமே, அதுபோல. துடுப்பை அந்த முளையோடு தோல் வாரால் கட்டிவிடுவார்கள். நம் கடற்கரை நாட்டுப் படகுகளிலும் முளையும் கயிறும் சேர்ந்த ஏற்பாடு உண்டு. செலவில்லாதது, அறுந்தால் அங்கேயே வேறு கயிறு கட்டிக்கொள்ளலாம். அதனால்தான் இத்தனை காலம் நின்றது.

ஆனால் கயிறு நீளும். நீங்கள் இழுக்கும்போது முதலில் கயிறுதான் இழுபடும், படகு அப்புறம்தான். 'சரி, கயிறு வேண்டாம்' என்று இரண்டு முளைகளை அடித்து, நடுவில் துடுப்பை வைத்தார்கள். இப்போது துடுப்பு நகராது. ஆனால் ஒவ்வோர் இழுப்புக்கும் இந்த முளையில் ஒரு 'டொக்', அந்த முளையில் ஒரு 'டொக்'. அதோடு துடுப்பை ரொம்ப தூரம் திருப்பவும் முடியாது. முளைகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும்.

சுரங்கத் தொழிலாளி செய்த வேலை

இங்கிலாந்தில் நியூகாசில் என்ற ஊர். நிலக்கரிக்குப் பேர் போனது. அங்கே டைன் ஆற்றில் படகுப் பந்தயம் என்றால் ஊரே கரையில் கூடிவிடும். ஹென்றி கிளாஸ்பர் சிறு வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். பிறகு படகு கட்டக் கற்றுக்கொண்டார். அவருக்கு ஒரு சிக்கல் வந்தது.

படகு வேகமாகப் போக வேண்டும் என்றால் ஒல்லியாக இருக்க வேண்டும். ஆனால் கொண்டி படகின் விளிம்பில் அல்லவா இருக்கிறது? படகு ஒல்லியானால் இரண்டு பக்க விளிம்பும் உடம்புக்குப் பக்கத்தில் வந்துவிடும். துடுப்பின் கைப்பிடிப் பக்கம் குட்டையாகிவிடும். குட்டைக் கைப்பிடியால் நீளத் துடுப்பை நெம்ப முடியுமா? கிணற்று ராட்டினத்தைச் சுண்டுவிரலால் சுற்றுவது போலத்தான்!

படகையும் கொண்டியையும் ஏன் ஒரே இடத்தில் வைக்க வேண்டும்? படகிலிருந்து வெளியே நீளும்படி இரும்புக் கைகளைப் பொருத்தி, அவற்றின் நுனியில் துடுப்பைத் தாங்க வைத்தார். அந்த ஆற்றங்கரையில் அவருக்கு முன்பே ஓரிருவர் இதை முயன்றிருந்தார்கள். ஆனால் பந்தயத்துக்கு ஏற்றபடி அதைத் திருத்திக் கொண்டுவந்தவர் கிளாஸ்பர். 1845ம் ஆண்டு லண்டனில் தேம்ஸ் நதியில் நடந்த பந்தயத்தில் கிளாஸ்பர் குடும்பத்தார் நான்கு துடுப்புப் படகில் வென்றார்கள். பெரிய பெரிய ஆட்களெல்லாம் வாயைப் பிளந்தார்கள்.

இன்று ஒருவர் மட்டும் ஓட்டும் பந்தயப் படகைப் பாருங்கள். நீளம் சுமார் 8 மீட்டர். அகலமோ உங்கள் ஸ்கேல் அளவு, 30 செ.மீ.க்குப் பக்கம்தான்! ஆனால் இடது கொண்டிக்கும் வலது கொண்டிக்கும் நடுவே சுமார் 160 செ.மீ. இடைவெளி. கிளாஸ்பர் நீட்டிய கை இன்னும் மடங்கவில்லை.

அடுத்து 1870களில் ஒரு மாற்றம். உட்காரும் பலகைக்கு அடியில் சக்கரம் வைத்து, முன்னும் பின்னும் ஓடும்படி செய்தார்கள். இதனால் கால் பலமும் துடுப்புக்குக் கிடைத்தது. ஆனால் துடுப்பு முன்பைவிட அதிக தூரம் திரும்ப வேண்டி வந்ததே! இரண்டு முளைகளுக்கு நடுவே அது முடியாது. அதே காலத்தில்தான் அமெரிக்காவில் ஒற்றை ஆணியின்மேல், துடுப்போடு சேர்ந்தே சுழலும் கொண்டி பந்தயப் படகுகளில் புகுந்தது. நம் விஷ்ணு சக்கரத்து ஆணிதான்! 'டொக் டொக்' சத்தம் போயிற்று. துடுப்பு எந்தப் பக்கம் திரும்பினாலும் கொண்டியும் கூடவே திரும்பியது.

இப்போதைய பந்தயக் கொண்டியில் பெரும்பகுதி பிளாஸ்டிக். நடுவில் உலோக ஆணி. ஆணிக்கும் கொண்டிக்கும் நடுவே பிளாஸ்டிக் புஷ். உங்கள் வீட்டில் யாராவது அச்சகத்திலோ லேத் பட்டறையிலோ வேலை பார்த்தால் 'புஷ்' என்றால் என்ன என்று கேளுங்கள், விரலைக் காட்டி விளக்குவார்கள். இந்தப் புஷ்ஷை மாற்றிப் போட்டால் துடுப்பு அலகின் சாய்வு மாறும். வழக்கமாக 4 டிகிரி அளவுக்குச் சாய்வு வைப்பார்கள். சாய்வு போதாவிட்டால் அலகு தண்ணீருக்குள் ஆழமாக முங்கிப் போய்விடும். கூடிப்போனால் மேலே மேலே வந்து நழுவும். 4 டிகிரி என்பது எவ்வளவு? கடிகாரத்தில் ஒரு நிமிடத்துக்கு முள் நகரும் தூரமே 6 டிகிரி!

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. இரண்டு துடுப்பு பிடித்து வலிக்கும்போது, இரண்டு கைப்பிடிகளும் நடுவில் ஒன்றின்மேல் ஒன்று வந்து போகும். கை கையோடு இடித்துக்கொள்ளும் அல்லவா? அதனால் ஒரு பக்கக் கொண்டியை மற்றதைவிட ஒரு செ.மீ. அளவு உயர்த்தி வைக்கிறார்கள். இடது கை மேலே, வலது கை கீழே. சண்டை தீர்ந்தது. வாயில் ஒரு சின்னக் கதவும் திருகும் உண்டு, துடுப்பு எகிறாது. என் படகில் மட்டும் அது இருந்திருந்தால்!

தடை வந்தது!

இத்தனை மாற்றத்துக்கும் கைதட்டிய படகு உலகம் ஒரு மாற்றத்துக்கு மட்டும் 'கூடாது' என்றது.

ஓடும் பலகையில் ஒரு குறை உண்டு. 80 கிலோ எடையுள்ள ஆள் படகுக்குள் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கிறார். பந்தயப் படகின் எடையோ 14 கிலோதான். ஆள் ஒரு பக்கம் போனால் படகு எதிர்ப்பக்கம் துள்ளும். வேகம் சீராக இருக்காது. 'ஆளை அசையாமல் உட்கார வைத்துவிட்டு, கொண்டியையும் கால் பலகையையும் ஓட விட்டால் என்ன?' என்று யோசித்தார்கள். சில கிலோதானே ஓடும்? மேற்கு ஜெர்மனி வீரர் பீட்டர் மைக்கேல் கோல்பே, 1981ம் ஆண்டு உலகப் போட்டியில் அப்படிப்பட்ட படகில் தங்கம் வென்றார். உடனே மற்றவர்களும் அதற்கு மாறத் தொடங்கினார்கள். 1983ம் ஆண்டு சர்வதேசப் படகு சங்கம் அதைத் தடை செய்துவிட்டது. எல்லோரும் புதுப் படகு வாங்க வேண்டியிருக்கும், செலவு ஏறும் என்ற கவலை அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது.

பணமில்லாத வீரர் தோற்கக் கூடாது என்பது நியாயம். ஆனால் வேகமான படகைத் தடுத்து வைப்பதும் சரியா? என்னைக் கேட்டால், இன்னும் சில வருடம் பொறுத்துப் பார்த்திருக்கலாம் என்பேன். உங்கள் வகுப்பில் இதை வைத்து ஒரு பட்டிமன்றம் நடத்தலாம். இரண்டு பக்கமும் பேச விஷயம் இருக்கிறது!

இதெல்லாம் ஆறும் ஏரியும் உள்ளவர்களுக்கு மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். சென்னையில் அடையாற்றங்கரையில் மெட்ராஸ் போட் கிளப் 1867ம் ஆண்டிலிருந்தே இருக்கிறது, உண்மைதான். ஆனால் தத்து போகனல் பிறந்தது மகாராஷ்டிராவில் நாசிக் மாவட்டத்து வறண்ட கிராமம் ஒன்றில். அப்பாவோடு சேர்ந்து கிணறு வெட்டியவர். ராணுவத்தில் சேர்ந்த பிறகுதான் படகுப் பயிற்சி. 2016ம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் ஒற்றையர் படகில் 13வது இடம் பிடித்தார். 2018ம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் நால்வர் படகில் தங்கம்!

வாளியில் ஒரு சோதனை

ஒரு வாளி நிறையத் தண்ணீர், ஒரு 30 செ.மீ. ஸ்கேல், ஒரு ரப்பர் பேண்ட், இரண்டு துணிக் கிளிப். முற்றத்தில் வைத்துச் செய்யுங்கள். முடிந்ததும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிடுங்கள். நம் ஊரில் தண்ணீர் வீணானால் அம்மா விடமாட்டார்!

முதலில் ஸ்கேலின் ஒரு நுனியைத் தண்ணீரில் விட்டு, விளிம்பில் சாய்த்து, வெளிநுனியைப் பிடித்து வலியுங்கள். ஸ்கேல் வழுக்கிக்கொண்டு ஓடும். அடுத்து, கைப்பிடி மாட்டியிருக்கும் வாளியின் காதோடு ஸ்கேலை ரப்பர் பேண்டால் கட்டி வலியுங்கள். ஓடாது, ஆனால் ரப்பர் நீள்வது கையில் தெரியும். இது கிரேக்கர் கப்பல். பிறகு ரப்பரை எடுத்துவிட்டு, விளிம்பில் இரண்டு கிளிப்புகளை மாட்டி, நடுவில் ஸ்கேலை வைத்து வலியுங்கள். 'டொக் டொக்' கேட்கிறதா? கொஞ்சம் கூடுதலாகத் திருப்பினால் மாட்டிக்கொள்கிறதா?

நாலாவது, ஸ்கேலோடு சேர்ந்து சுழலும் கொண்டி. அதை எதில் செய்யலாம் என்று நான் சொல்லப்போவதில்லை. வீட்டில் கிடக்கும் கம்பி, பேனா மூடி, தீர்ந்துபோன ரீபிள் எதுவாகவும் இருக்கலாம். கூர்மையான கம்பி என்றால் பெரியவர்களை வளைத்துத் தரச் சொல்லுங்கள்.

அடுத்த முறை கொடைக்கானலில் துடுப்புப் படகில் ஏறினால், உட்கார்ந்தவுடன் ஏரியைப் பார்க்காதீர்கள். முதலில் பக்கத்திலிருக்கும் கொண்டியைப் பாருங்கள். வாய் அகன்றிருக்கிறதா? ஆடுகிறதா? அப்படியே படகோட்டியிடம், "அண்ணே, இதுக்கு எப்ப கிரீஸ் வெச்சீங்க?" என்று கேட்டுவையுங்கள்.